காலியாகத் திரும்பிய டப்பா

தம்பி,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நான் நலம்தான். முழங்கால் வலிக்கிறது, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதெல்லாம் நீ போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நீ கேட்காத ஒன்று இருக்கிறது. அதைப் போனில் என்னால் சொல்ல முடியாது. நான் இழுத்து இழுத்துப் பேச ஆரம்பிப்பதற்குள் "அம்மா, ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன் லா" என்று வைத்துவிடுவாய். நேரில் சொன்னாலோ சிரித்துவிடுவாய். அதனால்தான் கிள்ளான் வீட்டில், உன் அப்பா கணக்குப் பரீட்சைக்கு உன்னை உட்காரவைத்த அதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதும் படி. பாதியில் சாந்தியிடம் நீட்டி, "அம்மா என்ன சொல்றாங்கன்னு பாரு" என்று கழன்றுகொள்ளாதே. பெண்டாட்டிக்கு எழுத வேண்டியிருந்தால் அவளுக்கே எழுதியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். சம்பளம் கூடியதோ என்று நினைத்தேன். "அம்மா, பாப்பா இப்ப சாப்பிடறா! புது தஸ்காவுல போட்டதிலேர்ந்து டெய்லி டப்பா காலியா வருது. அங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டும்மா. முடிக்கிற வரைக்கும் நாற்காலிய விட்டு எறங்க விடமாட்டாங்க. நீங்க என்னை வளத்த மாதிரியே!" என்றாய். அப்புறம், சாந்திக்குக் காலையில் நேரமே இல்லை, பாப்பாவும் எல்லாவற்றுக்கும் மூக்கைச் சுளிக்கிறாள், அதனால் சின்ன வயதில் எனக்குக் கட்டிக் கொடுத்த மாதிரி சுலபமாக ஐந்து நாளைக்கு ஐந்து சாப்பாடு எழுதிக் கொடுங்கள் என்றாய். நான் சரி என்றேன். போனை வைத்த பிறகும் நீ சொன்னதே காதில் கேட்டது. நீங்க என்னை வளத்த மாதிரியே. நீ பாராட்டாகத்தான் சொன்னாய், எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காப்பகத்தில் விட்ட இரண்டேகால் வயதுப் பிள்ளையின் டப்பா தினமும் எப்படிக் காலியாகிறது என்று எனக்குத் தெரியும். உனக்குத்தான் மறந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் நீ அந்தப் பிள்ளையை அந்த நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உனக்கு இரண்டு வயது ஆனபோது நாம் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். ஒரு கடையின் மாடியில் இரண்டு அறை. அடுப்படி பொது; மூன்று குடும்பம் முறை வைத்துச் சமைத்தோம். என் முறை விடியற்காலை நாலரை மணி. உன் அப்பா ரயில்வேயில். நான் ஷா ஆலமில் ரேடியோவுக்கு உள்பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில். ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் முனையில் வந்து ஒருதரம் ஹாரன் அடிக்கும். இரண்டாம் தரம் அடிக்கிற வழக்கம் அந்த டிரைவருக்கு இல்லை. அதற்குள் சமைத்து, உன் டப்பாவைக் கட்டி, தூக்கத்தில் இருக்கும் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு சந்து தள்ளி ரயில்வே குவாட்டர்ஸில் ரோசி அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஓட வேண்டும். ரோசி அக்கா உன் அப்பாவோடு வேலை செய்தவரின் மனைவி. வேதக்காரர்கள். அவர் வீட்டில் பகலில் நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தஸ்கா என்ற பேரெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? ஒரு அக்கா, ஒரு பாய், சுவரில் மாதா படம், வாசலில் வரிசையாகக் குட்டிச் செருப்புகள்.

நீ இரண்டே இரண்டுதான் சாப்பிடுவாய். ஒன்று, பொரித்த நெத்திலி நொறுக்கிப் பிசைந்த சோறு. இன்னொன்று, முட்டையும் கறுப்புக் கிச்சாப் என்கிற சோயா சாஸும் போட்டுக் கிளறிய சோறு. வேறு எது கொடுத்தாலும் நாக்காலேயே வெளியே தள்ளிவிடுவாய். பாசாரில் நான் மலாயில் இக்கான் பிலிஸ் என்று கேட்டு வாங்குவதைக் கேட்டுக் கேட்டு, நெத்திலிக்கு நீயாக "பிலி" என்று பேர் வைத்திருந்தாய். அம்மா, அப்பா, பிலி. உன் முதல் மூன்று வார்த்தைகளும் அவைதான். உன் அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "நம்மளோட சேத்து அதுவும் குடும்பத்துல ஒண்ணு" என்பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன், சாந்தி குறித்துக்கொள்ளட்டும். நெத்திலியை முதல் நாள் மாலையே தலையைக் கிள்ளி, வயிற்றிலிருக்கும் கறுப்பை எடுத்துவிட்டு, இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் பரப்பிவிட வேண்டும். காலையில் எண்ணெயில் போட்டால் ஐந்து நிமிடம். ஆறிய பிறகு கையால் நொறுக்கி, கொஞ்சம் குழைந்த சோற்றில் துளி நெய் விட்டுப் பிசைந்து, பிள்ளை ஒரு வாயில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு உருட்டி வைக்கட்டும். உப்பு போட வேண்டாம், மீனிலேயே இருக்கிறது. குழம்பு எதுவும் ஊற்ற வேண்டாம். மதியத்துக்குள் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும், அதைப் பார்த்தால் பெரியவர்களுக்கே சாப்பிடத் தோன்றாது. இது திங்கட்கிழமைக்கு. செவ்வாய்க்கு முட்டையை எண்ணெயில் உதிர்த்து, சோறு போட்டுக் கிளறி, கடைசியில் கிச்சாப் ஒரு கரண்டி. பத்து நிமிடம்கூட ஆகாது. புதன், வியாழன், வெள்ளிக்கு எனக்குத் தெரியாது. நீ விரும்பிச் சாப்பிட்ட மூன்றாவது ஒன்றை நான் கண்டுபிடிக்கவே இல்லை.

நீ ஒல்லியாக இருந்தாய். நோய் ஒன்றும் இல்லை. கிளினிக்கில் காட்டியபோது, "ஓடறான், விளையாடறான், அப்புறம் என்னம்மா?" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் உன் அத்தை வீட்டுக்குப் போவோம். அத்தை மகனுக்கும் உன் வயதுதான். அவன் நண்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பான். நீ என் மடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அத்தை உன் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "வேலைக்குப் போறவளுக்குப் புள்ளைக்கு ஊட்ட எங்க நேரம் இருக்கு?" என்பாள். ஒருநாள் இல்லை, போகும்போதெல்லாம். நான் நாலரை மணிக்கு எழுந்திருப்பதைச் சொல்லிக் காட்டலாம். சொன்னதில்லை. உன் மேல் கோபித்துக்கொண்டேன். இரண்டு வயதுப் பிள்ளை நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்குகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பத்தனம் என்று இப்போது எழுதும்போதே கூசுகிறது.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை நன்றாகச் சாப்பிட வேண்டும், உடம்பு தேற வேண்டும், பத்துமலையில் பால்குடம் எடுத்து அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று. நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டில் கவுச்சி நுழையக் கூடாது. இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பிள்ளை சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்தப் பிள்ளை சாப்பிடும் இரண்டே இரண்டு பொருளையும் நாற்பத்தெட்டு நாளைக்கு நிறுத்தினேன். சின்னப் பிள்ளைகளுக்கு விரதமெல்லாம் கிடையாது, எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்காக எடுக்கிற விரதத்தில் பிள்ளையே மீன் தின்றால் எப்படிப் பலிக்கும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். உன் அப்பா ஒரே ஒருதரம், "அவனுக்கு முட்டையாச்சும் குடேன்" என்றார். நான் பார்த்த பார்வையில் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். முருகன் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தம்பி. நான்தான் அவர் பேரைச் சொல்லி உன்னிடம் பிடுங்கினேன்.

சாம்பார் சோறு, கீரை மசித்த சோறு, கேரட் துருவிப் போட்ட சோறு. ரோசி அக்காவிடம் முதல் நாளே, "அக்கா, நாப்பத்தெட்டு நாளைக்கு இதான். வேற எதுவும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். முதல் நான்கு நாள் டப்பா அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் ராத்திரி நான் ஊட்டினாலும் துப்பினாய். பாலைக் குடித்துவிட்டு, அழுது களைத்துத் தூங்கினாய். ஐந்தாம் நாள் டப்பா காலியாக வந்தது. கழுவி, துடைத்து, மூடியைத் திருப்பிப் போட்டு. ஆறாம் நாளும் காலி. நான் பஸ்ஸில் கூட வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கிள்ளானுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். "கீரைகூட சாப்பிடறான், அண்ணி! டப்பாவ நக்கி வச்ச மாதிரி வருது!" உன் கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. நான் முருகனைப் பார்த்து அழுதேன்.

ஒரு மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை மாலை உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சந்து முனையில் நீ உன் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினாய். அந்த நீலச் சட்டையில் முன்னால் ஒரு குட்டிப் பை இருக்கும், ஒரு விரல்தான் நுழையும். எதையோ எடுத்து என் உதட்டில் வைத்தாய். "அம்மா, பிலி," என்றாய். பொரித்த நெத்திலி, தலையோடு. பையில் இன்னொன்றும் இருந்தது. மத்தியானம் உனக்குக் கிடைத்ததில் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்து, மாலை வரை வைத்திருந்து, என் வாயில் வைத்தாய். அந்த வயதில் பிள்ளைகள் கையில் கிடைத்ததை அந்த நொடியே வாயில் போட்டுக்கொள்ளும். நீ எனக்காக வைத்திருந்தாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். ஓங்கி அடித்தேன் என்றே எழுதுகிறேன். தட்டிவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். மீன் சாக்கடை ஓரமாக விழுந்தது. நீ அழவில்லை. கீழே விழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பிப் போய் ரோசி அக்காவின் வாசலில் நின்று கத்தினேன். குவாட்டர்ஸ் முழுவதும் எட்டிப் பார்த்தது. அவர் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மெல்லப் பேசுங்கம்மா, புள்ளைங்க தூங்குது. நாலு நாளு பார்த்தேன். பசியில சுருண்டு படுத்துக்கிட்டான். என்னால பாக்க முடியல. என் சோத்துல நெத்திலி இருந்துச்சு, குடுத்தேன். அள்ளி அள்ளித் தின்னான்," என்றார். என் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டினீர்களா என்று கேட்டேன். "ஐயோ, சோத்தை யாராச்சும் கொட்டுவாங்களா? நாந்தான் சாப்பிட்டேன். உங்க கீரை நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். தினமும் அவர் சாப்பாடு உனக்கு, உன் சாப்பாடு அவருக்கு. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்டி சொல்றது? சாமி கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும் லா. நான் வேதக்காரிதானே, எனக்கென்ன?" என்று சிரிக்கப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. எங்கள் சாமிக்கு நேர்ந்த பிள்ளையைத் தீட்டாக்கிவிட்டாய், வேதக்காரர்களுக்கு இதுதானே வேலை என்று சொன்னேன். அதற்கு மேலும் சொன்னேன். அதை உனக்கு எழுத மாட்டேன், எழுதினால் நீ என் வீட்டுப் படியேற மாட்டாய். நான்கு நாள் பார்த்து மனசு கேட்காமல் என் பிள்ளைக்குத் தன் தட்டைக் கொடுத்த ஒரு பெண்ணிடம் பேசினேன் அப்படி. அவர் உள்ளே போய் உன் மாற்றுச் சட்டையையும் போர்வையையும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நீ என் தோளிலிருந்து அவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாய். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

இதில் இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லித் தொலைக்கிறேன். அதே விரதத்தில், மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, உன் அப்பா வேலை முடிந்து வரும்போது அவர் மேல் பிளாச்சான், அதான் அந்த இறால் விழுது, வாசம் அடித்தது. கடையில் இறால் போட்ட மீ கோரிங் நூடுல்ஸ் தின்றிருக்கிறார், சம்பலோடு. மீசையில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மூக்கைத் திருப்பிக்கொண்டு குளிக்க வெந்நீர் வைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்திரண்டு வயது ஆம்பிளைக்குப் பசி எடுக்கும், பாவம் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பரிவில் ஒரு பிடி உனக்குக் கொடுத்திருக்கலாம். உன் அப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் அந்த மீ கோரிங்கை நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது. கோபம் அவர் மேல் இல்லை.

அடுத்த திங்கட்கிழமையே உன்னை ஒரு நர்சரியில் சேர்த்தேன். வேறு தெரு, சுத்தமான வீடு, நடத்துகிறவர் நம்மவர், சைவம். எல்லோரும் டீச்சர் என்பார்கள். குட்டி மேசைகள், குட்டி நாற்காலிகள். "எங்க ரூல் ஒண்ணுதாங்க. டப்பா முடியாம நாற்காலிய விட்டு எறங்கக் கூடாது. மொத வாரம் அழும். அப்புறம் பழகிரும்," என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா பழக்குங்க டீச்சர், இவனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி," என்றேன். அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்டதைச் செய்தார். முதல் வாரம் நீ அழுதாய். இரண்டாம் வாரம் டப்பா காலியாக வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே காலி. நான் உன் விரலை முகர்ந்து பார்த்தேன், பையைத் துழாவிப் பார்த்தேன். சாம்பார் வாசம்தான் அடித்தது.

பூசத்துக்குச் சில நாள் முன்பு தொழிற்சாலையில் கரண்ட் போய், எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை இன்றைக்குச் சீக்கிரம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆசையோடு வந்தேன். மணி மூன்று இருக்கும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. நீ மட்டும் மேசையில். டப்பா காலியாக முன்னால் இருந்தது. கை இரண்டும் மடியில். ஒரு கன்னம் புடைத்திருந்தது. சோற்றை விழுங்காமல் அங்கே அடக்கி வைத்திருந்தாய். பன்னிரண்டு மணிக்கு உட்காரவைத்திருப்பார்கள். மூன்று மணி நேரம், தம்பி. நான் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். ரோசி அக்கா வீட்டில் என் குரல் கேட்டால் செருப்புகளை எல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வருவாய். இங்கே நீ எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வர, கன்னத்தில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினாய். அப்புறம் வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டினாய்.

அந்த இடத்தில் உன்னை அள்ளித் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நான் கைதட்டினேன். "கெட்டிக்காரப் புள்ள! எல்லாத்தையும் முடிச்சிட்டானே!" என்று கைதட்டினேன். டீச்சரும் கைதட்டினார். அப்புறம்தான் நீ நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாய். டீச்சருக்கு நன்றி சொல்லி, மறுநாளும் அங்கேயே கொண்டுவந்து விட்டேன். ஆறு வயது வரை விட்டேன். பத்துமலைக்குப் போய்ப் பால்குடம் எடுத்தேன், உனக்கு மொட்டை போட்டு, நெற்றி நிறைய சந்தனம் பூசி, வேண்டுதல் பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். விரதம் முடிந்த மறுநாள் ஆசையாக நெத்திலி பொரித்து உன் முன்னால் வைத்தேன். சாப்பிட்டாய். கீரையைச் சாப்பிடுவது போலவே சாப்பிட்டு, வாயைத் திறந்து காட்டினாய். பிலி என்ற வார்த்தையை நீ அதற்குப் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு முதல் உன்னால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வைத்ததைத் தின்றாய். வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டாய். உன் அப்பா இஞ்சினியரிங் என்றார், படித்தாய். பெண் பார்க்கப் போனபோது உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "உங்களுக்குப் பிடிச்சா சரிம்மா" என்றாய். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அத்தையே வாய்விட்டுச் சொன்னாள், நான் பூரித்துப் போனேன். போன மாதம் சாந்தி என்னிடம் கேட்டாள்: "அத்தை, அவருக்கு என்னதான் பிடிக்கும்? நானும் மூணு வருஷமா கேக்கறேன். 'எதுனாலும் ஓகே லா'ங்கறாரு. எனக்குக் கோவமா வருது." நான் யோசித்துப் பார்த்தேன். பெற்று முப்பது வருஷம் ஆகிறது, எனக்குத் தெரியவில்லை. இரண்டு வயதில் உனக்கு என்ன பிடிக்கும் என்றுதான் தெரியும்.

ரோசி அக்காவை ஒரே ஒருதரம் பார்த்தேன், நீ மூன்றாம் பாரம் படிக்கும்போது. பிரிக்பீல்ட்ஸ் பஸ் ஸ்டாப்பில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். தலை நரைத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று பார்ப்பதற்குள் அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள நல்லா இருக்கானா? இப்ப சாப்பிடறானா?" என்றார். "எல்லாம் சாப்பிடறான்" என்றேன். "அது போதும் லா," என்றார், உண்மையாகவே சந்தோஷப்பட்டு. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. அடுத்த பஸ்ஸில் போயிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரவாங்கில் உன் வீட்டு ஹாலில் பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த வாழைப்பழத்தில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் கேட்காமலே, வாயை அகலமாகத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நீ சோபாவிலிருந்து, "குட் கேர்ள்! பாத்தீங்களா அம்மா?" என்று கைதட்டினாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

அங்கே மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? போய்ப் பார்த்ததுண்டா? சொல்லாமல் ஒருநாள் போ. இல்லை, போய்ப் பார்க்கவும் வேண்டாம். நாளைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு. வேறு இடம் கிடைக்கும்வரை லீவு போடு, சாந்தியை ஒரு வாரம் போடச் சொல். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. கொம்யூட்டர் ரயிலில் மாறி ஏறினால் வந்துவிடலாம், முழங்கால் எப்படியோ போகட்டும். ஆனால் இதையெல்லாம் படித்த பிறகு உன் பிள்ளையை என்னிடம் விடுவதா என்பதை நீயும் சாந்தியும் பேசி முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. வேறு இடம் பார்க்கும்போது பிள்ளை சாப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேள். நாங்கள் சாப்பிட வைத்துவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னால், எழுந்து வந்துவிடு.

டப்பாவில் அவளுக்குப் பிடித்தது ஒன்று வைக்கச் சொல், தினமும் அதுவே ஆனாலும் சரி. புதிதாக ஒன்று வைப்பதானால் ஒரே ஒரு துண்டு, ஓரத்தில். அவள் தொடாவிட்டால் தொடாமலே திரும்பி வரட்டும். உனக்கு எரிச்சல் வரும், சாந்திக்கு அழுகை வரும், யாராவது வந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். புதன், வியாழன், வெள்ளிக்கு என்ன கட்டுவது என்று என்னைக் கேட்டாயே, பாப்பாவைக் கேள். இன்னும் கேட்டால் சொல்கிற வயதில்தான் இருக்கிறாள்.

டப்பா பாதி நிறைந்து திரும்பி வருகிற அன்றைக்கு எனக்குப் போன் செய். ஆபீஸில் இருந்தாலும் செய். அவள் மறுபடியும் வாயைத் திறந்து காட்டினால், தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், கைதட்டாதே. அன்றைக்கு நீயும் இப்படித்தான் எனக்குக் காட்டினாய்.

அம்மா